4-ஆம் இடமா, முதலிடமா? ‘இஃப் ஐ எய்ன்ட் காட் யூ’ பாட்டின் சார்ட் கணக்கு

கேள்வி இது: அமெரிக்கப் பாடகி அலிசியா கீஸின் ‘இஃப் ஐ எய்ன்ட் காட் யூ’ அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆன பாட்டா, இல்லையா? ஓர் இடத்தில் 4 என்று போட்டிருக்கிறது. இன்னோர் இடத்தில் 6 வாரம் முதலிடம் என்கிறார்கள். 2004-இன் ஆண்டுப் பட்டியலைப் பார்த்தால் 3 என்று இருக்கிறது. எது சரி?

மூன்றுமே சரி. 4 என்பது பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ஹாட் 100-இல், அதாவது எல்லா வகைப் பாட்டுக்கும் பொதுவான வாரப் பட்டியலில், அது தொட்ட உச்சம். 6 வாரம் முதலிடம் என்பது அதே பத்திரிகை கருப்பின இசை வகைகளுக்கென்று தனியாகப் போடும் ஆர் அண்ட் பி / ஹிப்ஹாப் பட்டியலில். 3 என்பது ஹாட் 100-இன் ஆண்டுக் கணக்கில். முதல் இரண்டும் வேறு வேறு பட்டியல் என்பதால் குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். மூன்றாவதுதான் சுவாரசியம். எந்த வாரத்திலும் 4-ஐத் தாண்டாத ஒரு பாட்டு ஆண்டு முடிவில் எப்படி 3 ஆனது? அந்த ஆண்டு முதலிடத்தைத் தொட்ட பாட்டுகளில் இரண்டே இரண்டுதான் இதற்கு மேலே இருக்கின்றன: பாடகர் அஷரின் ‘யே!’, அவருடைய ‘பர்ன்’. மற்ற நம்பர் ஒன்கள் எல்லாம் இதற்குக் கீழே.

நானும் பல வருடம் பாட்டுகளை உச்ச இடத்தை வைத்து மட்டுமே எடைபோட்டுக்கொண்டிருந்தவன்தான். அந்தப் பழக்கத்தை எனக்கு மாற்றியது இந்த ஒரு பாட்டின் கணக்கு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 2001 ஆகஸ்டில் கீஸின் முதல் வெற்றியான ‘ஃபாலின்’ ஹாட் 100-இல் முதலிடத்துக்கு வந்தது. மொத்தம் 6 வாரம் அந்த இடத்தில் இருந்தது. அதே ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் நடந்த விமான விபத்தில் பாடகி ஆலியா இறந்தார். வயது 22. இரண்டு வாரம் கழித்து செப்டம்பர் 11. தன் வாழ்க்கை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் சுற்றிலும் இப்படி நடக்க, பணம், புகழ், வைரம் எல்லாம் இருந்து என்ன, நீ இல்லாவிட்டால் எதுவுமில்லை என்ற எண்ணம் பாட்டாக வந்தது. ஆலியாவின் மறைவுதான் பாட்டுக்குத் தூண்டுதல் என்று கீஸே சொல்லியிருக்கிறார். எழுதியதும் தயாரித்ததும் அவரேதான்.

பாட்டின் கட்டுமானம் ரொம்ப எளிமை. ஜி மேஜர் சுருதி. தொடக்கத்தில் பியானோ மேலிருந்து படி இறங்கி வருகிற மாதிரி ஒரு வரிசை. அடியில் சி, பி, ஏ, ஜி என்று கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. ஆறு எண்ணிக்கைத் தாளம் என்பதால் தொட்டில் ஆடுவதைப் போல ஓர் அசைவு இருக்கும். பழைய 60-களின் சோல் பாட்டு வாசனை. அன்றைய ரேடியோவில் முன்னும் பின்னும் அஷரின் கிளப் பாட்டும் லில் ஜானின் கூச்சலும் ஓடும்போது, நடுவில் இந்தப் பியானோ இறங்கி வந்தால் காது தானாகத் திரும்பும்.

இது ‘நியோ சோல்’தானா, அதாவது பழைய சோல் மரபைப் புதிதாக எடுத்துப் பாடுகிற வகையா, என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 90-களின் கடைசியில் அந்தப் பெயரைப் பரப்பியவர் கெடார் மாசன்பர்க். டி’ஆஞ்சலோ, எரிக்கா பாடு ஆகியோருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவர், பிறகு மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர். அந்த வட்டத்தின் கண்டிப்பான ரசிகர்கள் கீஸைக் கொஞ்சம் பாப் பக்கம் சாய்ந்தவர் என்பார்கள். நியாயமும் இருக்கிறது. ஆனால் வாசிக்கிற கருவி, சோல் மரபைத் திரும்ப எடுக்கும் விதம், இயந்திரத் துல்லியம் இல்லாமல் கொஞ்சம் தளர விட்ட பாட்டுமுறை எல்லாவற்றையும் பார்த்தால் எனக்கு இது நியோ சோல் குடும்பத்துப் பாட்டுதான். அந்தக் குடும்பத்தில் சார்ட்டில் நன்றாகப் பிழைத்த பிள்ளை, அவ்வளவே.

இனி 2004-க்கு வருவோம். பாட்டு இருந்த ஆல்பம் ‘தி டைரி ஆஃப் அலிசியா கீஸ்’. 2003 டிசம்பரில் வந்தது. முதல் வாரத்திலேயே 6,18,000 பிரதிகள் விற்று ஆல்பம் பட்டியலில் முதலிடம். முதல் சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு) ‘யூ டோன்ட் நோ மை நேம்’ ஹாட் 100-இல் 3 வரை போனது. அதன்பின் 2004 தொடக்கத்தில் இரண்டாவது சிங்கிளாக இந்தப் பாட்டு ரேடியோவுக்குப் போனது. வீடியோ நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், குளிர்காலத் தெருக்களில் எடுக்கப்பட்டது. இயக்கம் டயான் மார்டெல், காதலனாக நடித்தவர் ராப் பாடகர் மெதட் மேன்.

அந்த ஆண்டு ஹாட் 100 எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது. இரண்டு எண்கள் சேர்ந்தது அது: கடையில் விற்ற சிங்கிள், ரேடியோவில் ஒலித்தது. முதலாவது கிட்டத்தட்டச் செத்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் சிங்கிள் சிடி போடுவதையே நிறுத்திவிட்டன. பாட்டு வேண்டுமானால் முழு ஆல்பத்தை வாங்கு என்ற கணக்கு. ஐட்யூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் திறந்துவிட்டது, 99 சென்ட்டுக்கு ஒரு பாட்டை வாங்கலாம். ஆனால் அந்த டவுன்லோடுகள் ஹாட் 100-இல் சேர்ந்தது 2005 பிப்ரவரியில்தான். ஆக 2004 முழுவதும் ஒருவர் காசு கொடுத்து இந்தப் பாட்டை இறக்கியிருந்தாலும் ஹாட் 100-க்கு அது கண்ணில் படவே இல்லை. மிச்சம் இருந்தது ரேடியோ. அந்த ஆண்டின் ஹாட் 100 ஏறக்குறைய ஒரு ரேடியோ பட்டியல் என்றே சொல்லலாம்.

ரேடியோவையும் எத்தனை தடவை ஒலித்தது என்று எண்ணுவதில்லை, எத்தனை காதுக்குப் போனது என்று எண்ணுவார்கள். கணினி நிலையங்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டின் ஒலி அடையாளத்தை வைத்து இன்ன நிலையம், இன்ன நேரம் என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்த நேரத்தில் அந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற மதிப்பீட்டோடு பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, நியூயார்க்கில் காலை 8 மணிக்கு ஒரு லட்சம் பேர் கேட்கிற நிலையம் ஒரு தடவை போட்டால் ஒரு லட்சம். சின்ன ஊரில் ராத்திரி 2 மணிக்கு ஆயிரம் பேர் கேட்கிற நிலையம் நூறு தடவை போட்டால்தான் அதே ஒரு லட்சம் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்தின் எண்.

இங்கே ஒரு விஷயம். கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100-இல் நுழையவே முடியாது என்ற விதி 1998 டிசம்பர் வரை இருந்தது. அது தளர்ந்த பிறகு, ரேடியோவை மட்டுமே வைத்து முதலிடம் வந்த முதல் பாட்டு 2000 ஜூனில் வந்தது. ‘டிரை அகெய்ன்’. பாடியவர் ஆலியா. யாருடைய மரணத்தை நினைத்து இந்தப் பாட்டு எழுதப்பட்டதோ, அவருடைய பாட்டு முதலில் கடந்து காட்டிய கதவு வழியாகத்தான் இதுவும் சார்ட்டில் ஏறியது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரிதான் கேட்கிறது.

சரி, 4-க்கு மேல் ஏன் போகவில்லை? ஒரே வார்த்தையில் பதில்: அஷர். 2004-இல் 52 வாரத்தில் 28 வாரம் முதலிடம் அவரிடம் இருந்தது. ‘யே!’ 12 வாரம், ‘பர்ன்’ 8 வாரம், ‘கன்ஃபெஷன்ஸ் பார்ட் 2’ 2 வாரம், ‘மை பூ’ 6 வாரம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை, நடுவில் ஒரே ஒரு வாரம் தவிர, முதல் நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. கீஸின் பாட்டு ஏறிக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கும் கூட்டம் நிறைய: மாரியோ வைனன்ஸின் ‘ஐ டோன்ட் வானா நோ’ 2 வரை வந்து நின்றது, ஹூபாஸ்டாங்கின் ‘தி ரீசன்’ அதுவும் 2.

அந்த நடுவில் விட்ட ஒரு வாரம் யாருக்கு என்று பாருங்கள். ‘அமெரிக்கன் ஐடல்’ டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஃபான்டேசியாவின் ‘ஐ பிலீவ்’. ரசிகர்கள் கடைக்குப் போய் சிடியாக வாங்கினார்கள். பாட்டு நுழையும்போதே முதலிடம். முதல் சிங்கிளோடு நேரே முதலிடத்தில் நுழைந்த முதல் பாடகி அவர். ஆனால் ஆண்டுப் பட்டியலின் முதல் பத்தில் ‘ஐ பிலீவ்’ இல்லை. வாங்கியவர்கள் ஒரே மூச்சில் வாங்கி முடித்துவிட்டார்கள். ரேடியோ அதை அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஆண்டுக் கணக்கின் ரகசியமும் இதுதான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசி வரை ஒரு பாட்டு வாராவாரம் சேர்த்த புள்ளிகளை மொத்தமாகக் கூட்டுகிறார்கள். உச்சத்துக்கு எந்தத் தனி மதிப்பெண்ணும் இல்லை. வாரத்துக்கு 90 புள்ளி வாங்கி ஆறு வாரம் நிற்கிற பாட்டு 540 சேர்க்கும். வாரத்துக்கு 60 வாங்கி இருபது வாரம் நிற்கிற பாட்டு 1,200 சேர்க்கும். ஒரு வாரத்திலும் முதல் பாட்டைத் தாண்டியிருக்காது. எண்கள் நான் விளக்கத்துக்குப் போட்டவை, நடந்தது இதே வகை. நம் பாஷையில் சொன்னால் இது ஓபனிங் படம் இல்லை, வெள்ளி விழாப் படம்.

2004-இன் முதல் பத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அளவு தெரியும். ‘யே!’, ‘பர்ன்’, அடுத்து நம் பாட்டு, மரூன் 5-இன் ‘திஸ் லவ்’, அவுட்காஸ்ட்டின் ‘தி வே யூ மூவ்’, ‘தி ரீசன்’, ‘ஐ டோன்ட் வானா நோ’, அவுட்காஸ்ட்டின் ‘ஹே யா!’, சியாராவின் ‘குடீஸ்’, டெரர் ஸ்குவாடின் ‘லீன் பேக்’. இதில் ‘ஹே யா!’ 9 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ‘குடீஸ்’ 7 வாரம். ஆனால் ‘ஹே யா!’ 2003 இலையுதிர்காலத்திலேயே ஏறத் தொடங்கிவிட்டதால் அதன் புள்ளிகளில் ஒரு பங்கு முந்தைய ஆண்டுக் கணக்கில் போய்விட்டது. ‘குடீஸ்’ ஆண்டின் பின்பாதியில் வந்து, நவம்பரில் கத்திரி விழுந்தபோது மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொடுத்துவிட்டது. கீஸின் பாட்டு பிப்ரவரி வாக்கில் கிளம்பி, கோடையில் உச்சம் தொட்டு, மெதுவாக இறங்கியது. கிட்டத்தட்ட முழு ஆயுளும் ஒரே ஆண்டுக் கணக்குக்குள் விழுந்தது. அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதற்காக, அதிர்ஷ்டம் மட்டும்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்றால் ஆர் அண்ட் பி பட்டியலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 6 வாரம் முதலிடம் என்பது பெரிய செய்தியே இல்லை. பெரிய செய்தி, அது அந்தப் பட்டியலில் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஒரு பாடகியின் சிங்கிள் அந்தப் பட்டியலில் ஓராண்டைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அதற்கு முன் அந்தச் சாதனையை மேரி ஜே. ப்ளைஜின் ‘யுவர் சைல்ட்’ வைத்திருந்தது, 49 வாரம்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1942-இல் பில்போர்ட் ‘ஹார்லெம் ஹிட் பரேட்’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. ஹார்லெம் வட்டாரக் கடைகளில் எது விற்கிறது என்று கேட்டு எழுதியது. பிறகு ‘ரேஸ் ரெகார்ட்ஸ்’ என்று கூசும்படியான ஒரு பெயர், 1949-இல் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’. பெயர் மாறினாலும் 2004-இலும் அடிப்படை அதேதான்: ஆர் அண்ட் பி நிலையங்கள் என்ன போடுகின்றன, அந்த இசை அதிகம் விற்கிற கடைகளில் என்ன போகிறது. நாடு முழுவதும் இருக்கிற பாப், ராக் நிலையங்கள் இதில் எட்டிப் பார்க்க முடியாது. கருப்பினக் கேட்பாளர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைத் தனியாக அளக்கும் தராசு அது.

அந்த நிலையங்களிலும் இரண்டு வகை. இளைஞர்களுக்கானது ஒன்று, ராப்பும் புதுப் பாட்டும் வேகமாக வந்து வேகமாகப் போகும். இன்னொன்று முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கானது. அங்கே ஒரு நல்ல காதல் பாட்டு கிடைத்தால் லேசில் விடமாட்டார்கள், மாதக்கணக்கில் போடுவார்கள். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் நிலையத்தில் 1976-இல் மெல்வின் லிண்ட்ஸே தொடங்கிய ‘கொயட் ஸ்டார்ம்’ என்ற இரவு நிகழ்ச்சி ஊர் ஊராகப் பரவியது நினைவிருக்கலாம். விளக்கைக் குறைத்துவிட்டுக் கேட்கிற மெதுவான காதல் பாட்டுகளுக்கென்றே இருந்த நேரம். நியோ சோல் பாட்டுகளுக்குப் பிறந்த வீடு அது. கீஸின் பாட்டு இரண்டு வகை நிலையத்திலும் ஓடியது, மேலாக வெள்ளையர் அதிகம் கேட்கிற பாப் நிலையங்களிலும் ஓடியது. மூன்று வாசலிலும் ஒரே நேரத்தில் நுழைந்த நியோ சோல் பாட்டுகள் மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு உடன்பிறப்புகளைப் பாருங்கள். டி’ஆஞ்சலோவின் ‘அன்டைட்டில்ட்’, 2000-இல் எல்லோரும் பேசிய பாட்டு: ஆர் அண்ட் பி பட்டியலில் 2, ஹாட் 100-இல் 25. மியூசிக் சோல்சைல்டின் ‘லவ்’: அங்கே 2, இங்கே 24. மேக்ஸ்வெல்லின் ‘ப்ரிட்டி விங்ஸ்’, 2009: அங்கே 14 வாரம் முதலிடம், இங்கே உச்சம் 33. கடைசியதை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு பட்டியலில் மூன்று மாதத்துக்கு மேல் ராஜா, பக்கத்துப் பட்டியலில் முதல் முப்பதுக்குள்கூட இல்லை. இரண்டு கேட்பாளர் உலகங்களுக்கு நடுவில் எத்தனை உயரச் சுவர் இருந்தது என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது. அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் 1, 4 என்று நின்ற பாட்டு இது.

2004 பொதுவாகவே அந்தச் சுவர் தாழ்ந்திருந்த ஆண்டு. அவ்வருடம் ஹாட் 100-இல் முதலிடம் வந்த 12 பாட்டும் வெள்ளையர் அல்லாதவர்களுடையவை. ஒன்பது வருடம் கழித்து, 2013-இல், முதன்மைப் பாடகராகக் கருப்பினக் கலைஞர் ஒருவர்கூட முதலிடம் வரவில்லை. நடுவில் அளக்கிற முறை மாறியது: டவுன்லோட் வந்தது, ஸ்ட்ரீமிங் வந்தது. 2012 அக்டோபரில் ஆர் அண்ட் பி பட்டியலையும் மாற்றினார்கள். இனி எல்லா வகை ரேடியோவும், எல்லா டவுன்லோடும், ஸ்ட்ரீமிங்கும் அதற்கும் சேரும் என்றார்கள். உடனே ரிஹானாவின் ‘டயமண்ட்ஸ்’ முதலிடத்துக்குத் தாவியது. ‘ப்ரிட்டி விங்ஸ்’ மாதிரி ஒரு பாட்டு, அதன் சொந்த ஜனங்கள் மட்டும் கேட்டு, 14 வாரம் முதலிடத்தில் இருப்பது அந்தப் பட்டியலில் இனி நடக்காத காரியம். பில்போர்ட் செய்த மாற்றங்களில் எனக்கு மனம் ஒப்பாதது இது ஒன்றுதான்.

அமெரிக்காவுக்கு வெளியே கதை சாதாரணம். பிரிட்டனில் உச்சம் 18. அங்கே அப்போது கடையில் விற்றது மட்டுமே கணக்கு. ரேடியோவைச் சேர்ப்பதே இல்லை. இந்தப் பாட்டின் பலமே ரேடியோ என்னும்போது 18 வந்ததில் ஆச்சரியம் இல்லை.

விருது பக்கமும் ஒரு வேடிக்கை நடந்தது. 2005 பிப்ரவரி கிராமியில் சிறந்த ஆர் அண்ட் பி பாடகிக்கான விருது இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. ஆண்டின் சிறந்த பாடல் என்ற பெரிய விருதுக்கும் போட்டியில் இருந்தது. வென்றது ஜான் மேயரின் ‘டாட்டர்ஸ்’, ஹாட் 100-இல் 19-ஐத் தாண்டாத பாட்டு. மேயருக்கே மனசு கேட்கவில்லை. கோப்பையைக் கழற்றி, மேல்பாதியைக் கீஸிடம் கொடுத்துவிட்டு அடிப்பாகத்தைத் தான் வைத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார்.

இனி இது ஹாட் 100-இல் மேலே ஏறுமா என்றும் கேட்பீர்கள். பழைய பாட்டு திரும்ப நுழைய வேண்டுமானால் நேராக மேல்பாதிக்குள் வர வேண்டும், அது லேசில்லை. 2023-இல் ‘க்வீன் சார்லட்’ தொடருக்காக, வெள்ளையர் அல்லாத பெண்கள் 74 பேர் கொண்ட இசைக்குழுவோடு கீஸ் இதைத் திரும்பப் பாடினார். அப்போதும் அந்த 4 மாறவில்லை.

2004-இல் ஹாட் 100-இன் முதலிடம் கீஸுக்குக் கிடைக்காமல் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘மை பூ’ என்று அஷர் கணக்கில் எழுதினேனே, அது அஷரும் கீஸும் சேர்ந்து பாடியது. வழியை அடைத்து நின்றவரே கையைப் பிடித்து மேலே கூட்டிப்போன மாதிரி. 2024 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி) இடைவேளையில் அஷர் பாடியபோது, கீஸ் சிவப்புப் பியானோ முன்னால் உட்கார்ந்து இந்தப் பாட்டைத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே குரல் பிசிறியது. யூடியூபில் ஏற்றிய பதிவில் அந்தப் பிசிறைத் துடைத்துவிட்டார்கள். சில வரிகள்தான் பாடியிருப்பார். அதற்குள் அஷர் பியானோ பக்கம் வந்துவிட, இருவரும் ‘மை பூ’வுக்குப் போய்விட்டார்கள்.